சுரண்டாமல் விட்ட பச்சை

பழைய மரச் சாமான்களைக் கொண்டு சமையலறையைச் சீர்செய்வது சிக்கனம்தான். எதைத் தேய்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று தெரிந்திருந்தால்.

நகரத்து நடுத்தர வர்க்கத்துக்குப் பழைய மரச் சாமான் விஷயத்தில் இரண்டு கண்கள். சொந்த வீட்டில் கிடந்தால் அது அடைசல். கடையில் விளக்கு வெளிச்சத்தில் நின்றால் கலைப் பொருள். தாத்தா எழுதிய மேஜையைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்ட குடும்பம், பத்து வருடம் கழித்து அதே மாதிரி மேஜைக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும். ஆனால் இந்த மோகமெல்லாம் வரவேற்பறையோடு சரி. சமையலறைக்குள் எல்லாம் புதிதாக, ஒரே நிறமாக, பளபளவென்று இருந்தாக வேண்டும்.

கிழக்கு தில்லியில் மயூர் விஹார் பகுதியில் வசிக்கும் ஒரு குடும்பமும் அப்படித்தான் நினைத்தது. கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் பிரிவு அதிகாரி. மனைவி அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. அலகாபாதிலிருந்து வந்த மாமியார், மகன், மருமகள், மூன்று வயதுப் பேரன். 2023 செப்டம்பரில் 'மாடுலர் கிச்சன்' நிறுவனம் ஒன்று அவர்களது சிறிய சமையலறையை அளந்து பார்த்துவிட்டு ரூ. 1,85,000 என்று எழுதிக் கொடுத்தது. ஆசிரியை மாதிரிப் பலகையின் வெட்டிய ஓரத்தைப் பார்த்தார். மரத்தூளையும் சிராய்களையும் பசையிட்டு அழுத்திய பலகை. மேலே வழுவழுப்பான தாள். ஓரத்தில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் பாலில் போட்ட ரஸ்க் மாதிரி உப்பிவிடும். தினம் தரை கழுவும் இந்தியச் சமையலறையில் அது எத்தனை வருடம் தாங்கும்? "இருபதாயிரத்துக்குள் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்றார். கணவர் சிரித்தார். சிரித்ததற்காகச் சாமான் தூக்கும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டது.

கையில் ஏற்கெனவே இருந்தது ஓர் அலமாரி. மாமியார் அதை 1971இல் அலகாபாத் வீட்டுக்கு மருமகளாக வந்தபோது கொண்டுவந்தார். நான்கு கால், மூன்று தட்டு, கம்பிவலை அடித்த இரண்டு கதவு. வடக்கே இதற்கு 'ஜாலி அல்மாரி' என்று பெயர். வங்காளத்தில் 'மீட்சேஃப்'. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் பாலும் மீந்த பருப்பும் இதற்குள்தான் இரவைக் கழித்தன. வலை வழியே காற்று போகும். ஈயும் பூனையும் போகாது. எறும்பு ஏறாமலிருக்கக் கால்கள் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். 1958இல் கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே குளிர்சாதனப் பெட்டி தயாரிக்கத் தொடங்கியது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் அந்தப் பெட்டி வீடு வீடாக நுழைய நுழைய, வலை அலமாரி சமையலறையிலிருந்து பால்கனிக்கும், பால்கனியிலிருந்து தெருவுக்கும் இறங்கியது. இந்த வீட்டு அலமாரி பால்கனியோடு நின்றிருந்தது. உள்ளே பழைய செய்தித்தாள், பூந்தொட்டி, ஓடாத மிக்ஸி.

இன்னும் தேவைப்பட்டது ஒரு மேஜை. காய் நறுக்க, மாவு பிசைய, சப்பாத்தி இட. அதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர் காலனிக்குப் போனார்கள். பிரிவினை அகதிகளைக் குடியமர்த்திய லாஜ்பத் நகரை ஒட்டி இருக்கும் இந்தப் பேட்டையில் பழைய மரச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நிஜமாகவே பழையதும் உண்டு. பழைய பலகையில் செய்த புதியதும், புதிய பலகையில் அடித்துக் கீறிப் பழையதாக்கியதும் உண்டு. மூன்றும் ஒரே கடையில் தோளோடு தோள் உரசி நிற்கும்.

நல்லதைக் கண்டுபிடிக்க முன்பக்கத்தைப் பார்த்துப் பயனில்லை. முன்பக்கம் விற்பதற்காகச் செய்தது. ஆசிரியை மேஜையைக் கவிழ்க்கச் சொன்னார். அடிப்பக்கத்தில் பாலிஷ் இருக்காது. மரத்தின் உண்மை நிறமும் ரேகையும் அங்கேதான் தெரியும். இழுப்பறையை வெளியே எடுத்து மூலையைப் பார்த்தார். இரு பலகைகளையும் விரல் கோத்ததுபோல் வெட்டிப் பொருத்தியிருந்தால் தச்சர் நேரம் செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம். வெறும் ஆணி என்றால் அவசர வேலை. காலின் அடியில் திருப்புளியால் குத்திப் பார்த்தார். பொக்கென்று உள்ளே போனால் கரையான். தரையில் சலித்த மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் உள்ளே வண்டு இன்னும் வேலையில் இருக்கிறது. அந்தச் சாமானை இனாமாகக் கொடுத்தாலும் வீட்டுக்குள் விடக் கூடாது.

கிடைத்தது ஒரு படிப்பு மேஜை. தேக்கு. பெயின்ட் படாதது, பாலிஷ் மட்டும் கண்டது. உயரம் 30 அங்குலம். நின்று சமைக்கும் மேடையைவிடத் தாழ்வு, ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கவும் தோள் வலிக்காமல் மாவு பிசையவும் இந்த உயரமே தோது. ரூ. 7,500இல் ஆரம்பித்த பேரம் 4,500இல் முடிந்தது.

அந்த மரம் அங்கே வந்து சேர்ந்ததற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1852 போரில் கீழ் பர்மாவையும் 1885 போரில் எஞ்சிய பகுதியையும் பிரிட்டிஷார் பிடித்தார்கள். பர்மாத் தேக்கு கப்பல் கப்பலாக இந்தியத் துறைமுகங்களுக்கு வந்தது. ரயில் பெட்டி, கச்சேரி மேஜை, பள்ளிக்கூட பெஞ்சு என்று எங்கும் அது பரவியது. அந்தத் தாராளம் திரும்பி வராது. நீலகிரியின் கூடலூர்க் காடுகளைப் பற்றி கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்சநீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, நாடெங்கும் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்டது. 2014 ஏப்ரலில் மியான்மரும் வெட்டிய மரத்தை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடைசெய்தது. அதன் பிறகு, பழைய தேக்கு என்பது பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டிலிருந்து வெளியே போட்டால்தான் கிடைக்கும் பொருள்.

யார் வெளியே போட்டார்கள் என்பதுதான் மாமியாரின் கேள்வியும். தன் அலமாரி சமையலறைக்குத் திரும்புவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. முன்பின் தெரியாத மேஜை வருவதுதான் பிடிக்கவில்லை.

"யார் வீட்டில் யார் செத்தபிறகு விற்றார்களோ, பஹூ. விசாரிக்க வேண்டாமா?"

"ரூபாய் நோட்டு யார் கையிலிருந்து வந்தது என்று விசாரிக்கிறோமா, மாஜி?"

"நோட்டின் மேல் ரொட்டி இடுவதில்லையே."

ஆசிரியையிடம் இதற்குப் பதில் இல்லை. மேஜை இரண்டு நாள் மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது. மூன்றாம் நாள் மாமியாரே செம்பில் கங்கை நீருடன் படியேறி வந்து தெளித்தார். விவாதம் அத்துடன் முடிந்தது.

பெரிய விவாதம் அலமாரியைப் பற்றியது. எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது.

அலமாரிக்குப் பச்சை பெயின்ட். ஐம்பது வருடத்தில் தீபாவளிக்குத் தீபாவளி ஏதாவதொரு பச்சை அதன்மேல் ஏறியிருக்கிறது. ஒரு மூலையில் அது பெயர்ந்த இடத்தில் தேன் நிறத்தில் தேக்கு எட்டிப்பார்த்தது. கணவருக்கு ஆசை பிறந்துவிட்டது. "இவ்வளவு நல்ல மரத்தை மூடி வைப்பதா? முழுவதும் சுரண்டிவிட்டு இயற்கையான நிறத்தில் விடலாம்." வேலைக்கு வந்த பாலிஷ்காரருக்கும் அதே எண்ணம். பீகாரிலிருந்து தில்லி வந்து முப்பது வருடமாக இதே தொழில் செய்பவர். "ப்ளோ லாம்ப் வைத்துக் காட்டினால் பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பும், மேடம். மிச்சத்தை ரேக்மால் போட்டு எடுத்துவிடுவேன். இரண்டு நாள் வேலை." ரேக்மால் என்பது நம் ஊர் உப்புத்தாள்.

ஆசிரியை பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிளஸ் டூ மாணவர்களுக்கு வருடந்தோறும் அவர் செய்துகாட்டும் சோதனை ஒன்று உண்டு. ஈய உப்பின் கரைசலில் பொட்டாசியம் குரோமேட்டைச் சேர்த்தால் சோதனைக் குழாயின் அடியில் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு. லெட் குரோமேட். பழைய பெயின்ட்டுகளின் மஞ்சள் அதுதான். அந்த மஞ்சளுடன் பிரஷ்யன் நீலத்தைக் கலந்தால் கிடைப்பது பச்சை. அந்தக் காலத்துக் கதவுகளையும் ஜன்னல்களையும் அலமாரிகளையும் மூடிய பச்சைகளில் ஒன்று.

இந்தியாவில் வீட்டு பெயின்ட்டில் ஈயம் எவ்வளவு இருக்கலாம் என்று சட்டமாக வரம்பு கட்டியதே 2016இல்தான். பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற அந்த விதி 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே பழைய பெயின்ட் என்றால் ஈயம் உண்டு என்று வைத்துக்கொள்வதே விவேகம். ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அது பெரிய ஆபத்தில்லை. உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூளாகி வீடெங்கும் படியும். நெருப்பு காட்டினால் புகையாகி மூச்சில் ஏறும். தரையில் தவழ்ந்து, விளையாடி, விரலை வாயில் வைக்கும் குழந்தைதான் முதல் இரை. உட்கொண்ட ஈயத்தைப் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் கண்டறியப்படவில்லை.

அழகுக்காகச் சுரண்டிய தூள், பேரனின் பால் டம்ளரில் படியலாம். ஆசிரியை சுருக்கமாகச் சொன்னார்: "சுரண்ட வேண்டாம். மேலேயே பெயின்ட் அடித்துவிடலாம்."

கணவருக்கு ஏமாற்றம். பாலிஷ்காரருக்கு அதைவிட அதிகம். அவர் கணக்கில் இரண்டு நாள் கூலி போகிறது. "முப்பது வருஷமாகச் சுரண்டுகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்றார். தோளில் கிடந்த கம்சாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேலையின்போது மூக்கில் கட்டிக்கொள்வதும் அந்தத் துண்டுதான். மதியம் ரொட்டியைச் சுற்றி வைப்பதும் அதில்தான். சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் பேத்தி இழுத்து விளையாடுவதும் அதைத்தான் என்று பேச்சுவாக்கில் சொன்னார்.

பேத்திக்கு வயது என்ன என்று ஆசிரியை கேட்டார். இரண்டு. வகுப்பில் விளக்குவதுபோலவே அவருக்கும் விளக்கினார், மஞ்சள் வீழ்படிவு தவிர. அவர் முழுவதும் நம்பினாரா என்பது தெரியாது. ஆனால் மறுநாள் ரொட்டி ஒரு டப்பாவில் வந்தது. கூலி விஷயத்திலும் ஒரு வழி பிறந்தது. அலமாரியில் குறைந்த இரண்டு நாள் வேலை மேஜைக்குப் போயிற்று. இன்னும் நிதானமாக, இன்னும் ஒரு சுற்று தேய்ப்பு.

அலமாரியில் செய்தது இவ்வளவுதான். பேரனைக் காசியாபாதில் உள்ள அத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். அலமாரி மொட்டை மாடியில் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஏறியது. சோப்பு நீரில் கழுவி, பெயர்ந்து நின்ற இடங்களைத் தண்ணீர் தெளித்து ஈரத்தோடு மட்டும் சுரண்டினார்கள். கதவு திறந்து மூடும்போது உரசும் ஓரங்கள் தனிக் கவனம் கேட்டன. அங்கே பழைய பெயின்ட் இருந்தால் தினமும் கொஞ்சம் தூளாகும். ஆகவே அந்த ஓரங்களில் மட்டும் பெயின்ட் ரிமூவர் தடவிக் குழம்பாக வழித்தெடுத்தார்கள். அதன் நெடி பொல்லாதது. கையுறை போட்டுத் திறந்த வெளியில்தான் கையாள வேண்டும். வழித்தது, துடைத்தது எல்லாவற்றையும் விரிப்போடு சுருட்டிக் கட்டினார்கள். துடைப்பம் போடவில்லை. ஈரத் துணியால்தான் துடைத்தார்கள். பின் பிரைமர். அதன்மேல் ஈயம் சேர்க்காதது என்று டப்பாவில் அச்சிட்ட எனாமல் இரண்டு பூச்சு. நிறம்? மாமியாரைக் கேட்டார்கள். பச்சை என்றார்.

பாத்திரம் நேரடியாகப் படும் தட்டுகளைப் பழையபடி விடவில்லை. மூன்றையும் கழற்றிவிட்டு, தண்ணீருக்குத் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரையிட்ட பிளைவுட்டை அளவுக்கு வெட்டி மேலே வெள்ளை சன்மைக்கா ஒட்டினார்கள். துருப்பிடித்த வலைக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வலை. பித்தளைக் கீல்களைப் புளி போட்டுத் தேய்த்ததில் அவற்றின் வயது பாதியாகக் குறைந்தது.

மேஜையில் பெயின்ட் இல்லை. அங்கே மரத்தை வெளியே கொண்டுவரத் தடையில்லை. பழைய பாலிஷ் அவலரக்கு. ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப் பந்தால் பூசும் இதற்குத்தான் பிரெஞ்சு பாலிஷ் என்று பெயர். பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. பலாசம், இலந்தை, குசும் மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி விடும் பிசின் அது. ராஞ்சிக்கு அருகே நாம்கும்மில் 1924இல் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தாலே பழைய பூச்சு இளகி வந்துவிடும். பிறகு 120, 180, 220 என்று படிப்படியாக உப்புத்தாள், எப்போதும் ரேகையின் போக்கில். குறுக்கே இழுத்த ஒரு கீறல் பாலிஷ் ஏறியபின் பத்து கீறலாகத் தெரியும்.

இழுப்பறைகளின் உள்ளே மீண்டும் அவலரக்கே பூசினார்கள். மேற்பலகைக்கு அது ஆகாது. சூடான வாணலியை வைத்தால் வெள்ளை வட்டம் விழும். தண்ணீர் தேங்கினால் வெளுக்கும். பாலியூரிதேன் பூசினால் கண்ணாடிபோல இருக்கும், ஆனால் ஓரிடத்தில் பெயர்ந்தால் முழுப் பலகையையும் தேய்க்க வேண்டும். ஆசிரியை ஆளிவிதை எண்ணெயைத் தேர்ந்தெடுத்தார். கொஞ்சம் டர்பன்டைன் கலந்து மெல்லியதாகத் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தைத் துடைத்துவிட வேண்டும். மூன்று பூச்சு; ஒவ்வொன்றும் காய்ந்து இறுகும்வரை அடுத்ததைத் தொடக் கூடாது. மூன்று வாரம் ஆனது. இதில் மஞ்சள் கறை பிடிக்கும், உண்மை. ஆனால் மஞ்சளுக்கு வெயில் ஆகாது. ஜன்னல் பக்கம் இருந்தால் தானே மங்கும். மங்காவிட்டால் ஒரு துண்டு உப்புத்தாள், ஒரு ஸ்பூன் எண்ணெய். ஆள் கூப்பிட வேண்டாம்.

ஆளிவிதை எண்ணெயில் ஓர் அபாயம் உண்டு. காயும்போது அது சூட்டை வெளிவிடும். எண்ணெய்த் துணியைக் கசக்கி மூலையில் போட்டால் அந்தச் சூடு உள்ளேயே சேர்ந்து, யாரும் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். கேஸ் சிலிண்டர் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. துணியை விரித்து வெளியே கொடியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

அக்டோபர் கடைசியில் ஆசிரியை கணக்கு எழுதினார். மேஜை 4,500. டெம்போ 600. பிளைவுட், சன்மைக்கா 2,600. எஃகு வலை 1,100. தச்சர் கூலி 2,000. பாலிஷ்காரர் கூலி 3,600. பிரைமர், எனாமல், ரிமூவர் 1,350. எண்ணெய், டர்பன்டைன், அவலரக்கு, ஸ்பிரிட் 700. உப்புத்தாள் 240. கீல் திருகுகளும், ஈரம் ஏறாமல் கால்களுக்கு அடித்த நைலான் புஷ்களும் 450. முகக் கவசம், கையுறை, பிளாஸ்டிக் விரிப்பு 520. மொத்தம் ரூ. 17,660. இரண்டு பேருடைய ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் இதில் சேராது.

சமையலறை விளம்பரப் படம்போல ஆகிவிடவில்லை. மேஜைக்கும் அலமாரிக்கும் நிறப் பொருத்தம் இல்லை. மேஜையின் ஓரத்தில் மசிக் கறை ஒன்று எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. அதை ஆக்ஸாலிக் அமிலம் எடுக்கும் என்று வேதியியல் ஆசிரியைக்குத் தெரியும். உணவு வைக்கும் பலகையில் அந்த விஷம் எதற்கு என்று விட்டுவிட்டார். அலமாரியின் பச்சைக்குக் கீழே நல்ல தேக்கு இன்னும் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. விருந்தாளிகள் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறார்கள், சுரண்டினால் எவ்வளவு அழகாக இருக்கும் என்று.

கணக்கை எழுதிய தாளில் கணவர் ஒரே ஒரு வரிக்கு விளக்கம் கேட்டார். முகக் கவசம் ஏன் இத்தனை? வீட்டில் வேலை செய்தவர்கள் மூன்றே பேர்தானே? மிச்சமிருந்த பெட்டியைப் பாலிஷ்காரர் கேட்டு வாங்கிப் போயிருந்தார். அடுத்து ஒப்புக்கொண்டிருந்த வேலை, பச்சைக் கதவுகள் கொண்ட ஒரு பழைய வீடாம்.